நன்றி ஜெபம்: சில்லறையாகச் சொல்லிப் பழகுவது எப்படி?

"எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விண்ணப்பப் பட்டியலுக்குத் தாவிவிடுகிறவர்கள்தான் நம்மில் பெரும்பாலானோர். அந்த வரியில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அது மொத்த வியாபாரம். எதற்கு, எப்போது, யார் வழியாக என்று எதுவும் அதில் கிடையாது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் என்ன சொன்னோம் என்று சொன்னவருக்கே தெரியாது. நன்றியைச் சில்லறையில்தான் பழக வேண்டும், ஒன்றொன்றாக, பெயர் சொல்லி.

இது புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு. மும்பையில் இருக்கும் நம் ஆட்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். தாராவியில் ஒற்றை அறை வீட்டில் நாலைந்து பேராக இருப்பவர்கள், விடியுமுன் டிபன் கட்டிவிட்டு லோக்கல் ரயிலுக்கு ஓடுகிறவர்கள். "அமைதியான அறையில் அரை மணி நேரம் தனித்திருங்கள்" என்ற அறிவுரை நம் வீடுகளில் செல்லாது. அறை எங்கே இருக்கிறது?

தேவையானவை

சொன்ன நன்றிகளைக் குறித்துவைக்கச் சட்டைப்பையில் அடங்குகிற ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா, வேதாகமம். போனிலும் எழுதலாம்தான். ஆனால் போனைத் திறந்ததும் குடும்ப குரூப்பில் யாரோ அனுப்பிய பூப்படம் வந்து நிற்கும், அப்புறம் நன்றி எங்கே, ஜெபம் எங்கே. நோட்டே நல்லது.

படி 1: ஏற்கெனவே இருக்கும் நேரத்தில் சேர்த்துவிடுங்கள்

புது நேரம் தேடாதீர்கள், கிடைக்காது. தினமும் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒன்றோடு ஜெபத்தைக் கோத்துவிடுங்கள். லோக்கலில் போகிறவர்களுக்கு இது சுலபம். சயானில் ஸ்லோ வண்டியில் ஏறினால் மாட்டுங்கா, தாதர், பரேல், கரி ரோடு என்று கடைசி நிறுத்தமான சிஎஸ்எம்டி வரை ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் "புடீல் ஸ்டேஷன்" (அடுத்த நிலையம்) என்று மராத்தியில் அறிவிப்பு வரும். அந்தக் குரல் வரும்போதெல்லாம் ஒரு நன்றி. நின்றுகொண்டே, கண்ணைத் திறந்துகொண்டே, உதடு அசையாமல் சொல்லலாம். முதல் வாரம் மூன்று நிறுத்தம் போதும். தாதரை மட்டும் விட்டுவிடுங்கள், அங்கே ஏறுகிற கூட்டத்தில் பையைக் காப்பாற்றுவதே பெரிய பாடு.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் வரும் நேரம். டிரம் நிறையும் வரை எப்படியும் நின்றுதானே ஆக வேண்டும்.

படி 2: ஒரு நன்றியை முழுதாகச் சொல்லிப் பழகுங்கள்

இதுதான் முக்கியமான படி. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வரும். என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் வழியாக வந்தது, இந்த மூன்றும் உங்கள் வாக்கியத்தில் இருக்க வேண்டும். தண்ணீரையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் இப்படித்தான் வரும்: "ஆண்டவரே, தண்ணீருக்காக ஸ்தோத்திரம்."

கொஞ்சம் கிட்டே போனால்: "ஆண்டவரே, இன்று காலை தண்ணீர் வந்ததற்காக ஸ்தோத்திரம்."

இன்னும் கிட்டே போனால் (காக்கூ என்றால் மராத்தியில் சித்தி): "ஆண்டவரே, இன்று காலை நான் அசந்து தூங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுக் காக்கூ தன் டிரம் நிறைந்ததும் பைப்பை எங்கள் டிரம்முக்குள் போட்டுவிட்டு, கதவைத் தட்டி எழுப்பினார்கள். அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் பிள்ளை பள்ளிக்கூடம் போனான். உமக்கு ஸ்தோத்திரம். காக்கூவை ஆசீர்வதியும்."

மூன்றாவதில் ஒரு முகம் வந்துவிட்டது, கவனித்தீர்களா? காக்கூவுக்காக ஒரு ஜெபமும் கூடவே வந்துவிட்டது. யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நேரம் இருக்கிற நாளில் இதையே இன்னும் பின்னோக்கி நூல் பிடித்துப் போய்ப் பாருங்கள். காக்கூவுக்கு முன்னால் நம் வார்டின் சாவிவாலா இருக்கிறார். நகராட்சி ஊழியரான அவர் வந்து வால்வைத் திருப்பினால்தான் நம் சந்துக்குத் தண்ணீர். அவருக்கு முன்னால் பாண்டுப் சுத்திகரிப்பு நிலையத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்கள். அதற்கும் முன்னால் ஏரிகள். துளசி, விஹார், தான்சா, மோடக் சாகர், நடு வைதர்ணா, மேல் வைதர்ணா, பாட்சா என்று ஏழு ஏரிகள்தான் இந்த ஊரின் தாகத்தைத் தீர்க்கின்றன. துளசியும் விஹாரும் ஊருக்குள்ளேயே தேசியப் பூங்காவின் பக்கம் இருக்கின்றன. மேல் வைதர்ணா நாசிக் மாவட்டத்து மலைப்பக்கம். அதற்கும் முன்னால் ஜூன் மாதத்து மேகம். மேகத்துக்கு முன்னால் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டிரம் நிறைவதற்குள் நாசிக் மலை வரை போய்த் திரும்பிவிடலாம்.

இப்படித் துருவித் துருவிச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்கிறவர்கள் 136ஆம் சங்கீதத்தை ஒருமுறை படியுங்கள். 26 வசனம். ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றுதான் முடிகிறது. ஆனால் ஒவ்வொன்றின் முன்பாதியிலும் வேறு வேறு காரியம்: வானம், பூமி, சூரியன், சந்திரன், சிவந்த சமுத்திரம். எமோரியரின் ராஜாவாகிய சீகோன், பாசானின் ராஜாவாகிய ஓக் என்று தோற்ற ராஜாக்களின் பெயரைக்கூட அந்தச் சங்கீதக்காரர் விடவில்லை. கடைசிக்கு முந்தின வசனத்தில் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறார்.

படி 3: சாப்பிட்ட பிறகும் ஒருமுறை

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் நம் வீடுகளில் பழக்கம்தான். பசியில் அது வேகமாக ஓடிவிடும். உபாகமம் 8:10 பேசுவது புசித்துத் திருப்தியடைந்த பிறகு ஸ்தோத்திரிப்பதைப் பற்றி. யூதர்கள் இன்றைக்கும் உணவுக்குப் பிறகு நீண்ட நன்றி ஜெபம் சொல்கிறார்கள். நமக்கு நீளம் வேண்டாம். தட்டைக் கழுவும்போது ஒரு வரி போதும். வடாபாவை நின்றுகொண்டே தின்ற நாளானாலும் சரி.

படி 4: அடுத்தவரோடு ஒப்பிட்டு நன்றி சொல்லாதீர்கள்

ஆரம்பத்தில் எல்லாரும் வழுக்கி விழுகிற இடம் இது. மும்பையில் இன்னும் சுலபமாக வழுக்கும். மேம்பாலத்துக்கு அடியில் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருக்கும். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு "ஆண்டவரே, என்னை அந்த நிலைமையில் வைக்காததற்கு ஸ்தோத்திரம்" என்று வாயில் வந்துவிடும். கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருக்கிறது.

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் தேவாலயத்தில் நின்ற பரிசேயன் செய்தது என்ன? அவன் தேவனிடம் எதையும் கேட்கவில்லை. முழுக்க முழுக்க நன்றி ஜெபம்தான் பண்ணினான்: மற்ற மனுஷரைப் போலவும் இந்த ஆயக்காரனைப் போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்று. இயேசு நீதிமானாக வீட்டுக்கு அனுப்பியதோ ஆயக்காரனை. நன்றி என்று வாயில் வந்தாலே அது நல்ல ஜெபம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நீங்கள் சொல்லப்போகும் நன்றியை அந்த மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்ல முடியுமா? முடியாதென்றால் அடித்துவிடுங்கள். "மழைக்கு ஒழுகாத கூரை இருக்கிறது, ஸ்தோத்திரம். அவர்களுக்கும் ஒன்று வேண்டும் ஆண்டவரே, அதில் என் பங்கு என்ன?" என்று மாற்றலாம். அப்படிக் கேட்டுவிட்டால் சும்மா இருக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

படி 5: கெட்ட நாளில் முதலில் முறையிடுங்கள்

வேலை போன நாளிலும், ஆஸ்பத்திரியில் கெட்ட செய்தி கேட்ட நாளிலும் சிரித்த முகத்தோடு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும் என்று யாராவது உங்களை நெருக்கினால் கேட்காதீர்கள். துக்க வீட்டில் போய் "இதற்கும் நன்றி சொல்லுங்கள் அக்கா" என்று நீங்களும் சொல்லாதீர்கள். அது விசுவாசமல்ல, முரட்டுத்தனம்.

13ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பித்து, முதல் இரண்டு வசனத்துக்குள் எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. "அவரைப் பாடுவேன்" என்பது ஆறாவது வசனத்தில்தான். அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மனதில் இருப்பதைக் கொட்டுங்கள். நோட்டில் திட்டு மாதிரி வந்தாலும் பரவாயில்லை. பிறகு அதே நாளுக்குள் கிடைத்த ஒரு சின்ன காரியத்தைத் தேடுங்கள். ஒன்று போதும். அன்றைக்கு அகப்படவில்லை என்றால் மறுநாள் தேடலாம்.

2005 ஜூலை 26 மழையை நினைத்துப் பாருங்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த வெள்ளத்துக்காக நன்றி சொல்ல யாருக்கும் நாக்கு எழும்பாது, எழும்பவும் கூடாது. ஆனால் அன்று இரவு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள், டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அந்தக் கதவுகளுக்காக இன்றுவரை ஸ்தோத்திரம் சொல்கிறவர்கள் இந்த ஊரில் உண்டு. வெள்ளம் வேறு, கதவு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் கெட்ட நாளிலும் பொய் சொல்லாமல் ஜெபிக்கலாம்.

படி 6: ஆளிடமும் சொல்லுங்கள்

தேவனுக்கு நன்றி சொன்னதோடு கணக்கு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தின் 16ஆம் அதிகாரம் பெரும்பாலும் பெயர்களாகவே இருக்கும். வாசிக்கும்போது பலரும் தாண்டிவிடுவார்கள். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்று அங்கேதான் எழுதிவைத்திருக்கிறார், தானும் புறஜாதி சபையார் எல்லாரும் அவர்களுக்கு நன்றியுள்ளவர்கள் என்று.

வாரத்துக்கு ஒரு பெயர் போதும். நோட்டில் அந்த வாரம் அடிக்கடி வந்த ஆள் யார் என்று பாருங்கள். அவரிடம் நேரில் போய், நடந்த காரியத்தைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். "காக்கூ, செவ்வாய்க்கிழமை நீங்கள் எழுப்பாவிட்டால் பிள்ளை லீவு போட்டிருப்பான்." அவ்வளவுதான். கூட ஒரு கிண்ணத்தில் மீன்குழம்பு கொண்டுபோனால் இன்னும் நல்லது. காக்கூ சைவமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 7: மாதக் கடைசியில் திருப்பிப் பாருங்கள்

பெலிஸ்தரிடமிருந்து தப்பின பிறகு சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி எபெனேசர் என்று பெயரிட்டார். நம் ஊர்ப்பக்கம் பலசரக்குக் கடை போர்டில்கூட அந்தப் பெயரைப் பார்க்கலாம். நம் கல் அந்த நோட்டுதான். மாதக் கடைசி ஞாயிறு மத்தியானம் முழுதும் ஒருமுறை வாசியுங்கள். போன மாதம் கேட்டுக் கேட்டு அழுத காரியம் ஒன்று கிடைத்திருக்கும், கிடைத்ததை மறந்தும் போயிருப்பீர்கள். அதைப் பேனாவால் கோடிடுங்கள்.

இடையில் நாள் விட்டுப்போனால் பாக்கியைச் சேர்த்து எழுத உட்காராதீர்கள். வெறும் பக்கம் வெறும் பக்கமாகவே இருக்கட்டும்.

படி 8: சபையில் சொல்லும்போது

பிறந்தநாள், கல்யாண நாள், புது வேலை என்று ஸ்தோத்திர காணிக்கைக் கவர் போடுகிறோம். காரணம் எழுத இடம் இருந்தால் "குடும்ப நன்மைக்காக" என்று மட்டும் எழுதாமல் நோட்டிலிருந்து ஒரு வரியை எடுத்து எழுதுங்கள். கத்தோலிக்கரானால் மாஹிம் சர்ச் பக்கத்திலேயே இருக்கிறது. 1948 முதல் புதன்கிழமை தோறும் அங்கே மாதாவுக்கு நவநாள் ஜெபம் நடக்கிறது, மற்ற மதத்தவரும் வருகிறார்கள். விண்ணப்பத்தோடு போகிற கூட்டத்தில், கிடைத்ததற்கு நன்றி சொல்ல மட்டும் ஒரு புதன்கிழமை போய்ப் பாருங்கள். சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தவன் ஒருவன்தான், அவனும் சமாரியன் என்கிறது லூக்கா 17.

வருடக் கடைசி இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல அழைப்பார்கள். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டே போங்கள். வருடம் முழுவதையும் சொல்ல வேண்டாம், ஒரே ஒரு நாளை எடுத்து நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். யாரையும் குத்திக் காட்டாதீர்கள், சம்பளத் தொகையைச் சொல்லாதீர்கள். மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நாலு பாட்டிமார் நிற்பார்கள், பன்னிரண்டு மணிக்குள் அவர்களும் சொல்லியாக வேண்டும்.