கெட்டிமேளம் 4 வினாடி லேட்: போன் வீடியோவை டாவின்ச்சி ரிசால்வில் எடிட் செய்யப்போகிறவர்களுக்கு

சித்தி மகன் கல்யாணத்துக்கு ஸ்டுடியோ ஆட்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள், ட்ரோன்கூடப் பறந்தது. ஆனால் ஸ்டுடியோ வீடியோ கைக்கு வருவதற்குள் முதல் குழந்தைக்குக் காதுகுத்தே வந்துவிடும் என்பது ஊருக்கே தெரிந்த கதை. அதனால் என் போனை ட்ரைபாடில் மாட்டி மணமேடைக்கு நேர் எதிரே நிறுத்தி, 20 நிமிடம் ஒரே மூச்சில் ஓடவிட்டேன். ஒரு வாரத்தில் எடிட் செய்து தருகிறேன் என்று சித்தியிடம் சொல்லி, சொன்னபடி தந்தும்விட்டேன். டிவியில் போட்டார்கள். மாப்பிள்ளை முடிச்சுப் போட்டார், அட்சதை பறந்தது, எல்லோரும் கையை உதறிக்கொண்டபின் நிதானமாகக் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் வந்தது.

"ஏன்டா, தவில்காரர் பந்திக்குப் போயிட்டாரா?" என்றார் சித்தப்பா.

அந்த 4 வினாடியைத் துரத்திப் பிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி போனது. உங்களுக்குப் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ரிசால்வை இறக்கி நிறுவுவது, கிளிப்பை வெட்டுவது, இழுப்பது எல்லாம் இங்கே இல்லை. அதற்கு யூடியூபில் ஆயிரம் வீடியோ கிடக்கிறது.

ஏன் ரிசால்வ் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. இந்த எடிட்டிங் மென்பொருளை முதலில் செய்தது 1984-இல் டாவின்ச்சி சிஸ்டம்ஸ் என்று ஆரம்பித்த நிறுவனம். அது கலர் திருத்தத்துக்கென்றே பெயர் பெற்றது, 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அதை வாங்கியது. இலவசப் பதிப்பே நம் வேலைக்குத் தாராளம், ஸ்டுடியோ பதிப்பு 2017-இல் 299 டாலருக்கு வந்தது, அதுவும் ஒரே முறை கட்டினால் போதும். மாதாமாதம் வாடகை கட்டும் மென்பொருள் எனக்கு ஒத்துவராது, வீட்டு வாடகையே போதும்.

படி 1: கிளிப்பை மென்பொருளுக்குள் போடாதீர்கள்

நேராக இழுத்துப் போட்டதுதான் நான் செய்த தப்பு. சினிமா கேமரா வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், என்றால் 24-தான், வானமே இடிந்தாலும் 24-தான். தொழில்முறை எடிட்டிங் மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த உலகத்துக்காகச் செய்யப்பட்டவை. நம் போன் அப்படி இல்லை. வெளிச்சம் குறைந்தால், போன் சூடானால், அதுவே ஃபிரேமைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு வேரியபிள் ஃபிரேம் ரேட் என்று பெயர். ஆடியோ மட்டும் வினாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலித் துணுக்கு) என்று ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும்.

கணக்குப் போட்டால்தான் உறைக்கும். 20 நிமிடம் என்றால் 1,200 வினாடி. வினாடிக்கு 30 என்றால் 36,000 ஃபிரேம் இருக்க வேண்டும். என் கிளிப்பின் சராசரி 29.9, அதாவது 35,880 ஃபிரேம். இதை 30 வீதம் ஓட்டினால் படம் 1,196 வினாடியில் முடிந்துவிடும், சத்தமோ 1,200 வினாடிக்கு இருக்கும். காணாமல் போன 4 வினாடி அங்கேதான் இருக்கிறது. 0.1 என்று பார்த்தால் ஒன்றுமில்லை போலத்தான் தெரியும்.

உங்கள் கிளிப் எப்படி என்று பார்க்க மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். கிளிப்பை அதில் திறந்து, வியூ மெனுவில் டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, வீடியோ பகுதியில் "ஃபிரேம் ரேட் மோட்" என்ற வரியைத் தேடுங்கள். "கான்ஸ்டன்ட்" என்றிருந்தால் நேராகப் படி 3-க்குப் போகலாம். "வேரியபிள்" என்றிருந்தால் அடுத்ததைப் பொறுமையாகப் படியுங்கள்.

படி 2: ஹேண்ட்பிரேக்கில் சீராக்குவது

இதற்கு முன் நான் செய்த இரண்டு வைத்தியங்களையும் சொல்லிவிடுகிறேன், நீங்களும் அதைத்தான் முதலில் செய்வீர்கள். ஒன்று, ஆடியோவைத் தனியாகப் பிரித்துத் தவில் குச்சி தோலில் படும் இடத்துக்கு நகர்த்தியது. அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது, ஒன்றரை நிமிடம் தள்ளிப் போனால் குச்சி மேலே போனபிறகு சத்தம் வந்தது. மறுபடி வெட்டு, மறுபடி நகர்த்து. பதினான்காவது வெட்டில் விட்டுவிட்டேன். இரண்டு, கிளிப்பின் வேகத்தை 99.67 சதவீதமாகக் குறைத்தது. தொடக்கமும் முடிவும் பொருந்திவிட்டதே என்று துள்ளிக் குதித்தேன், நடுவில் பார்த்தால் விலகல் அப்படியே இருக்கிறது. போன் ஃபிரேமைக் குறைத்தது 20 நிமிடமும் ஒரே அளவில் அல்லவே. ஸ்டுடியோக்காரர் ஃபோகஸ் லைட்டைத் திருப்பிக்கொண்டு போனபோதெல்லாம் கொஞ்சம், ஓமப் புகை மறைத்தபோது கொஞ்சம் என்று அங்கங்கே குறைந்திருக்கிறது. அதை ஒரே வேகத்தால் எப்படிச் சரிசெய்வது?

சரியான வழி, ஒவ்வொரு ஃபிரேமும் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்று கோப்புக்குள் இருக்கும் நேரக்குறிப்பைப் படித்து, குறைந்த இடத்தில் பக்கத்து ஃபிரேமை நகலெடுத்து நிரப்பி, சீரான புதுக் கோப்பாக எழுதிக்கொள்வது. வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் அதைச் செய்யும், அதுவும் இலவசம்.

ஹேண்ட்பிரேக்கில் கிளிப்பைத் திறந்து வீடியோ தாவலுக்குப் போங்கள். ஃபிரேம்ரேட் என்ற இடத்தில் 30 என்று வையுங்கள். இப்போது நிறுத்துங்கள். அதன் கீழே இரண்டு வட்டப் பொத்தான்கள் இருக்கும்: ஒன்று "கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்", இன்னொன்று "பீக் ஃபிரேம்ரேட்". பொதுவாகத் தேர்வாகியிருப்பது பீக். பீக் என்றால் 30-க்கு மேல் போகாதே என்று மட்டும்தான் அர்த்தம், குறையலாம். முதல் தடவை நான் 30 என்ற எண்ணைப் பார்த்துத் திருப்தியாகி, 40 நிமிடம் மாற்றவிட்டு, திரும்ப ரிசால்வில் போட்டால் அதே 4 வினாடி. கணினியையே சந்தேகப்பட்டேன், ஆடியோ டிரைவரைக்கூட மாற்றிப் பார்த்தேன். கான்ஸ்டன்ட் பொத்தானை அழுத்துங்கள், அழுத்தியதை இன்னொரு முறை பாருங்கள்.

தரத்துக்கு ஆர்எஃப் என்ற நகர்த்தியை 18-இல் வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். 4கே கிளிப் என்றால் டைமென்ஷன்ஸ் தாவலில் அளவு 1080-க்குச் சுருங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், தானாக வந்து உட்காரும் ப்ரீசெட் (முன்கூட்டியே வைத்த அமைப்பு) சத்தமில்லாமல் சுருக்கிவிடும். மாற்றி முடிந்ததும் புதுக் கோப்பை மறுபடி மீடியாஇன்ஃபோவில் திறந்து "கான்ஸ்டன்ட்" என்று கண்ணால் பார்த்தபிறகுதான் அடுத்த வேலை.

பின்சேர்க்கை: வளைகாப்பு வீடியோவின் ஓரங்கள் வெட்டுப்பட்டுப்போனதாக ஒருவர் எழுதியிருந்தார். அதே டைமென்ஷன்ஸ் தாவலில் கிராப்பிங் "ஆட்டோமேட்டிக்" என்றிருக்கும். ஓரம் இருட்டாக இருந்தால் கறுப்புப் பட்டை என்று நினைத்து வெட்டிவிடும். "நன்" (None) என்று மாற்றிவிடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: லினக்ஸ்காரர்களுக்கு. அங்கே ரிசால்வின் இலவசப் பதிப்பு எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோக் கோப்பைத் திறக்காது, நம் போன் வீடியோவெல்லாம் பெரும்பாலும் அதுதான். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவசக் கருவி கொண்டு டிஎன்எக்ஸ்எச்ஆர் (DNxHR) என்ற எடிட்டிங் வடிவத்தில், ஆடியோவைச் சுருக்காத பிசிஎம் (PCM) ஆக, எம்ஓவி (MOV) கோப்பாக மாற்றுங்கள். கோப்பு பூதம் மாதிரி வீங்கும், வேறு வழியில்லை. அல்லது கேடென்லைவ் என்ற இலவச எடிட்டிங் மென்பொருள் பக்கம் போங்கள், வேரியபிள் கிளிப்பைப் போட்டால் "இதை மாற்றித் தரட்டுமா" என்று அதுவே கேட்கும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

படி 3: ஃபிரேம் ரேட்டை முதலிலேயே பூட்டுங்கள்

ரிசால்வில் புது புராஜெக்ட் திறந்ததும் கீழே வலது மூலையில் பல்சக்கரம் இருக்கும். அதை அழுத்தி, மாஸ்டர் செட்டிங்ஸில் டைம்லைன் ஃபிரேம் ரேட் 30 என்று வைத்துவிட்டு அப்புறம் கிளிப்பை உள்ளே கொண்டுவாருங்கள். டைம்லைன் ஒன்று உருவாகிவிட்டால் அந்த எண் சாம்பல் நிறமாகிவிடும், தலைகீழாக நின்றாலும் மாறாது. மறந்துவிட்டால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. புது டைம்லைன் உருவாக்கும்போது "யூஸ் புராஜெக்ட் செட்டிங்ஸ்" என்ற டிக்கை எடுத்துவிட்டால் அந்த டைம்லைனுக்கு மட்டும் வேறு எண் கொடுக்கலாம்.

படி 4: திக்கினால் ப்ராக்ஸி

4கே கிளிப் ஓடும்போது திக்கித் திணறினால், எடிட் செய்ய மட்டும் ப்ராக்ஸி என்ற இலகுவான நகலை வைத்துக்கொள்ளலாம். கிளிப்புகள் பட்டியலிடப்படும் மீடியா பூலில் எல்லாக் கிளிப்பையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக், "ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா". டீ குடித்துவிட்டு வந்து பிளேபேக் மெனுவில் ப்ராக்ஸி ஹேண்ட்லிங், "ப்ரிஃபர் ப்ராக்ஸீஸ்". அவ்வளவுதான். ஆனால் ஒன்று, 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் இதை ஓட்ட நினைக்காதீர்கள். 16 ஜிபிக்குக் கீழே இந்த மென்பொருள் உங்களை அழவைக்கும், கிராஃபிக்ஸ் வேலைக்கான ஃபியூஷன் பக்கத்தைத் தொட்டால் 32 வேண்டும்.

படி 5: கலர், இதற்காகத்தான் இவ்வளவு பாடும்

மண்டபத்து விளக்குகளில் பாதி மஞ்சள், பாதி நீலம் கலந்த வெள்ளை. பொண்ணு முகம் நலங்கு வைத்ததுபோல மஞ்சளாக இருந்தது, கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கியிருந்தது. கலர் பக்கத்தில் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ட்ராக்கரை ஓடவிட்டேன். அவள் குனிய வட்டம் குனிந்தது, நிமிர நிமிர்ந்தது. அந்த வட்டத்துக்குள் மட்டும் மஞ்சளைக் குறைத்தேன். அடுத்த நோடில் (ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியாக வைக்கும் பெட்டி), நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் குவாலிஃபையரால் புடவையின் சிவப்பை மட்டும் தொட்டு எடுத்து, கொஞ்சம் ஆழமாக்கினேன். பத்து நிமிட வேலை, காசு கொடுக்காத பதிப்பில். சித்தி டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்து, "கடையில பார்த்த அதே கலர்" என்றார். நான் இதைவிட்டு வேறு மென்பொருளுக்குப் போகாததற்கு இந்தப் பக்கம் ஒன்றே காரணம்.

இங்கேயும் ஒரு குழி உண்டு. பட்டியலில் இருக்கும் எஃபெக்டுகளில் சில ஸ்டுடியோ பதிப்புக்கு உரியவை, புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் அதில் ஒன்று. இலவசப் பதிப்பில் அதைப் போட்டால் படத்தின்மேல் வாட்டர்மார்க் வந்து உட்காரும். பதறாமல் அந்த எஃபெக்டை எடுத்துவிடுங்கள், போய்விடும். விளக்கு வெளிச்சம் பட்டைபட்டையாக ஓடுவதைக் கலர் பக்கத்தில் சரிசெய்ய முயலாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எடுக்கும்போதே ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்திருக்க வேண்டும்.

படி 6: தமிழில் பெயர் போடும்போது

யூனிகோட் எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் வரும். யூனிகோட் என்றாலும் எல்லா டைட்டில் கருவியும் எல்லாப் பதிப்பிலும் தமிழை ஒழுங்காகக் கோர்க்கும் என்று நம்பாதீர்கள். "கோ", "ணை", "ஸ்ரீ" மூன்றையும் அடித்துப் பாருங்கள், கொம்பு தனியாக நின்றால் அங்கேயே மல்லுக்கட்ட வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து மேல் டிராக்கில் வைத்துவிடுங்கள். கல்யாண வீடியோவில் பெயர் தப்பாக வந்தால் இரண்டு குடும்பமும் சேர்ந்து திட்டும்.

படி 7: சேமிப்பு

ரிசால்வ் புராஜெக்டைத் தனிக் கோப்பாக உங்கள் ஃபோல்டரில் வைப்பதில்லை, தன் டேட்டாபேஸுக்குள் வைத்துக்கொள்கிறது. வீடியோ ஃபோல்டரை மட்டும் பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு கணினியை ஃபார்மட் செய்தவர்களின் புலம்பலைக் கேட்டிருக்கிறேன். புராஜெக்ட் மேனேஜரில் புராஜெக்டின்மேல் வலது கிளிக் செய்து "எக்ஸ்போர்ட் புராஜெக்ட் ஆர்கைவ்" கொடுத்தால் வெட்டுகள், கலர், கிளிப்புகள் எல்லாம் ஒரே மூட்டையாக வரும். வெறும் "எக்ஸ்போர்ட் புராஜெக்ட்" என்றால் கிளிப்புகள் வராது, வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

கடைசியாக டெலிவர் பக்கம். எம்பி4, எச்.264, 30 ஃபிரேம், ரெண்டர். முடிந்ததும் முழுசாக டிவியில் போட்டு, முக்கியமாகக் கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். சிங்க் (படமும் சத்தமும் பொருந்துவது) விலகினால் அங்கேதான் அதிகம் தெரியும். அதுவரை போனிலிருக்கும் மூலக் கிளிப்பை அழிக்காதீர்கள்.

பின்சேர்க்கை: சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கிளிப்பும் வேரியபிளாக இருக்கக்கூடும், தரமும் ஏற்கெனவே பாதி போயிருக்கும். "டாக்குமெண்டா அனுப்புங்க மாமா" என்று கேளுங்கள். எப்படி என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவையுங்கள்.