மேம்படுத்திய பிறகு வீட்டு சர்வர் எழவில்லையா? திரை எங்கே நின்றது என்று பாருங்கள்

ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு பழைய மேசைக் கணினி சர்வராக ஓடிக்கொண்டிருக்கிறது. சித்தப்பாவின் விசைப்படகுக் கணக்கும் குடும்பப் புகைப்படங்களும் அதில்தான் இருக்கின்றன. டீசல், ஐஸ், ஏலத் தொகை, ஆட்களின் பங்கு என்று ஒரு காசு விடாமல் அதில் ஏறும். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும், கணக்கும் நிற்கும். படகுக்குப் பலகை மாற்றி வண்ணம் பூசும் அந்த நாட்களில்தான் சர்வருக்கும் பராமரிப்பு. இந்த முறை அதில் ஓடும் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12-ஐ 13-ஆக மேம்படுத்தினேன். எல்லாம் முடிந்தது என்று மறுதொடக்கம் செய்தேன். எழவில்லை.

இந்த இடத்தில் புதியவர்கள் பலரும் செய்வது, பென் டிரைவைச் செருகி முதலிலிருந்து நிறுவுவது. அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சர்வர் அதற்கு முன் 14 மாதங்கள் ஒரு முறைகூட மறுதொடக்கம் ஆகவில்லை. அந்த 14 மாதங்களில் சேர்ந்த கோளாறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலைகாட்டின. பழி மேம்படுத்தல்மேல் விழுந்தது, பாதிக் குற்றம் அதனுடையதல்ல.

வேலைக்கு முன் மூன்று பொருள்கள் வேண்டும்: ஒரு மானிட்டர், கம்பியுள்ள ஒரு விசைப்பலகை, வேறொரு கணினியில் தயாரித்த டெபியன் லைவ் பென் டிரைவ் (எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை எழுப்பலாம்). கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளியும் கோடும் மாறாமல் தட்டுங்கள். எல்லாவற்றையும் முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக இயக்க வேண்டும்.

முதல் வேலை, திரையில் நின்றுபோன கடைசி வரிகளைக் கைப்பேசியில் படம் எடுப்பது. மீன் இறங்குதளத்தில் கூடை கைமாறிக் கைமாறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கூடை எங்கே விழுந்ததோ அங்கே நின்றவரைத்தான் கேட்க வேண்டும். கணினியிலும் அப்படித்தான்: மதர்போர்டிலேயே இருக்கும் பயாஸ், துவக்க நிரலான கிரப்பிடம் கொடுக்கிறது, கிரப், இயங்குதளத்தின் மையமான கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தொகுப்பையும் ஏற்றுகிறது, அது இயங்குதளம் இருக்கும் ரூட் வட்டைக் கண்டுபிடித்து, மற்ற சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டியிடம் ஒப்படைக்கிறது.

பயாஸிலேயே நின்றால்

துவக்க வட்டே இல்லை என்ற செய்தி வந்தால், மென்பொருளை விட்டுவிட்டு பயாஸ் அமைப்புக்குள் போங்கள். தேதி பல ஆண்டுகள் பின்னால் இருக்கிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். 3 வோல்ட் பேட்டரி, கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். அது தீர்ந்த பிறகு மின்சாரம் போனால் பயாஸ் தன் ஆரம்ப அமைப்புக்குத் திரும்பிவிடும். யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் நிறுவிய கணினி பழைய பயாஸ் முறையில் எழப் பார்க்கும். வட்டை இணைக்கும் சாட்டா அமைப்பு ஏஹெச்சிஐ-இலிருந்து வேறொன்றுக்கு மாறியிருக்கும். இரண்டையும் முன்பிருந்தபடி மாற்றுங்கள்.

தேதி சரியாக இருந்தும் வட்டு தெரியவில்லை என்றால், மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறங்கள். கடற்கரைக்காரர்களுக்கு இது தனிப்பாடம். எங்கள் ஜன்னல் கச்சான் காற்றுக்கு நேர் எதிரே இருக்கிறது. சாட்டா கம்பியை உருவியபோது தங்க நிறத்தில் மின்ன வேண்டிய தொடுமுனைகளில் இரண்டு பச்சையாகப் பூத்திருந்தன. விரலில் மாவுபோல ஒட்டியது. உப்புக் காற்றின் கைவேலை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு வட்டின் முனையைத் துடைத்தேன், கம்பியைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கினேன். பழைய கம்பியைச் சுரண்டிக் காப்பாற்றுவது வீண் சிக்கனம். ரேம் பலகையின் தொடுமுனைகளுக்குப் பள்ளிக்கூட ரப்பரே போதும். தேய்த்தபின் துகளை ஊதிவிடுங்கள்.

கெர்னல் பேனிக்

வட்டு தெரிந்தது, கிரப் பட்டியலும் வந்தது. அடுத்து கெர்னல் பேனிக், அதாவது கெர்னல் மேலே போக முடியாமல் நின்றுவிட்டது. எங்கள் திரையில் நின்ற வரி, ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று சொல்லி, ‘அன்னோன்-பிளாக்(0,0)’ என முடிந்தது. அந்த இரண்டு சுழியங்களைப் பார்த்தால் முதலில் இனிட்ராம்எஃப்எஸ் இல்லையோ என்று சந்தேகப்படுங்கள். கெர்னலும் அதுவும் இருக்க வேண்டிய /பூட் பகுதி நிரம்பியதால் அது உருவாகாமலே போயிருக்கும். டெபியன் 10 அல்லது அதற்கு முன் நிறுவிய கணினிகளில் /பூட் குறைந்தது 768 எம்பி இருக்க வேண்டும், அதில் சுமார் 300 எம்பி காலியாக இருக்க வேண்டும் என்று டெபியன் 13-இன் வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது. நான் படிக்கவில்லை. என்னுடையது 240 எம்பி. மேம்படுத்தும்போதே இடமில்லை என்ற வரி வந்திருக்கிறது. ஆயிரம் வரிகளுக்கு நடுவே ஓடிப்போய்விட்டது. /வார்/லாக்/ஏபிடி/டெர்ம்.லாக் கோப்பில் பிறகு பார்த்தேன், அசையாமல் உட்கார்ந்திருந்தது.

வழி எளிது. மறுதொடக்கம் செய்து கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்ற வரிக்குள் போங்கள். பட்டியல் தெரியாவிட்டால் பழைய பயாஸில் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள், யூஇஎஃப்ஐயில் எஸ்கேப்பைத் தட்டுங்கள். உள்ளே பழைய 6.1 கெர்னல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். எழுந்ததும்:

யூநேம் -ஆர்
டிஎஃப் -எச் /பூட்
டிபிகேஜி --லிஸ்ட் 'லினக்ஸ்-இமேஜ்*'

முதல் கட்டளை இப்போது ஓடும் கெர்னலைச் சொல்லும். அதில் கைவைக்காதீர்கள். அதைவிடப் பழையவற்றை மட்டும் ‘ஏபிடி பர்ஜ்’ கொடுத்து, முழுப்பெயரோடு நீக்குங்கள். இடம் கிடைத்ததும்:

டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ
அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே (புதிய 6.12 கெர்னலின் முழுப் பதிப்பெண்)
அப்டேட்-கிரப்

இன்னும் இடம் போதாவிட்டால் /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் கோப்புறையில் உள்ள கான்ஃப் கோப்பில் ‘மாட்யூல்ஸ்=மோஸ்ட்’ என்பதை ‘டெப்’ என்று மாற்றினால் தொகுப்பு மிகவும் சிறுத்துவிடும். ஒரு குறை உண்டு: இந்த வட்டை நாளை வேறு கணினியில் பொருத்தினால் எழாமல் போகலாம். தற்காலிக ஒட்டு என்றே இதை வையுங்கள்.

பழைய கெர்னலும் எழவில்லை, அல்லது கிரப் பட்டியலே வராமல் வெறும் ‘கிரப்>’ நிற்கிறது என்றால் லைவ் பென் டிரைவில் எழுப்புங்கள். ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ எந்தப் பகுதி எது என்று காட்டும். ரூட் பகுதியை /எம்என்டி-யில் ஏற்றுங்கள். /பூட், இஎஃப்ஐ பகுதிகள் தனியாக இருந்தால் அவற்றையும் அதனதன் இடத்தில் ஏற்றுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். பிறகு /டெவ், /பிராக், /சிஸ் மூன்றையும் ‘மவுண்ட் --ஆர்பைண்ட்’ கொடுத்து உள்ளே இணைத்து, ‘சிஹெச்ரூட் /எம்என்டி’ என்று நுழைந்தால் உங்கள் சர்வருக்குள்ளேயே நிற்கிறீர்கள். மேலே சொன்னவற்றை அங்கே செய்யுங்கள். கிரப்பே பழுதானால் ‘கிரப்-இன்ஸ்டால்’ இயக்க வேண்டும்: பழைய பயாஸ் என்றால் பின்னால் முழு வட்டின் பெயர் வேண்டும், யூஇஎஃப்ஐ என்றால் வேண்டாம். ஆனால் பென் டிரைவும் யூஇஎஃப்ஐ முறையில் எழுந்திருக்க வேண்டும்.

‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்ற அடைப்புக்குறி வரியில் நின்றால் கெர்னல் வந்துவிட்டது, ரூட் வட்டு கிடைக்கவில்லை. கோப்பு முறைமையைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையைக் கைமுறையாக இயக்கச் சொன்னால் அது காட்டும் பகுதிக்கே இயக்குங்கள். வட்டையே காணோம் என்றால் மறுபடியும் கம்பியைப் பாருங்கள்.

எமர்ஜென்சி மோட்

கெர்னல் சரியான பிறகு எங்கள் சர்வர் 90 விநாடிகள் எதற்கோ காத்திருந்தது. பிறகு எமர்ஜென்சி மோட், அதாவது பழுதுபார்க்க மட்டும் ஒரு கட்டளை வரி. காரணம், துவக்கத்தில் ஏற்ற வேண்டிய வட்டுகளின் பட்டியலான /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி. தங்கையின் புகைப்படங்கள் இருந்த யு.எஸ்.பி. வட்டைப் பொங்கலுக்கு முன்பே கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டோம்; வரியை நீக்கவில்லை. இல்லாத வட்டுக்காக சர்வர் காத்துக் கிடந்தது.

ரூட் கடவுச்சொல் கேட்டால் கொடுத்து அந்தக் கோப்பைத் திருத்தலாம். ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று சொன்னால், கிரப் பட்டியலில் ‘இ’ விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் ‘இனிட்=/பின்/பாஷ்’ என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். கடவுச்சொல் கேட்காமலே கட்டளை வரி வரும். பிறகு:

மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /
நானோ /இடிசி/எஃப்எஸ்டேப்

வெளிவட்டு வரியில் இடைவெளிகளால் பிரிந்த நான்காம் பகுதியில், இருக்கும் சொல்லுக்குப் பின் காற்புள்ளியிட்டு, ‘நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ்’ என்று சேருங்கள். வட்டு இருந்தால் ஏறும். இல்லாவிட்டால் அதற்காகத் துவக்கம் நிற்காது. சேமித்ததும் ‘சிங்க்’, பிறகு ‘ரீபூட் -எஃப்’.

எழுந்துவிட்டது, ஆனால் வலையமைப்பில் காணவில்லையா? நெட்வொர்க் அட்டையின் பெயர் மாறியிருக்கலாம். ‘ஐபி லிங்க்’ காட்டும் புதிய பெயரை /இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் கோப்பில் பழைய பெயருக்குப் பதில் எழுதுங்கள்.

கடைசியாக ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு’ இயக்கி, பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு முறை மறுதொடக்கம் செய்யுங்கள், ஒரு முறை மின்கம்பியையே பத்து நிமிடம் கழற்றிவைத்து. பேட்டரிக் கோளாறு அப்போதுதான் தெரியும். எங்கள் பெட்டியை ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவருக்கு நகர்த்தி, புதுப் பேட்டரி போட்ட தேதியை அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். “என் டீசல் கணக்கு இருக்கிறதா, போய்விட்டதா?” என்று மாடிப்படியில் நின்று கேட்ட சித்தப்பாவுக்கு மார்ச் மாதப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். முழுதாகப் பார்த்துவிட்டு, ஐஸ் கணக்கில் நான் ஒரு கூட்டல் பிழை செய்திருப்பதைச் சுட்டிக்காட்டினார்.