ஸ்டவுட், போர்ட்டர்: ஜில்லுன்னு குடித்தால் வீண்

ராயபுரம் வெயிலுக்கு லாகர் பீர் ஐஸ் மாதிரி இருக்கணும், சரி. ஸ்டவுட், போர்ட்டர் மாதிரி கறுப்பு பீருக்கு அது ஆகாது. 4 டிகிரியில் நாக்கு மரத்துப்போய், காபி, சாக்லேட் வாசனை எதுவும் தெரியாது; வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) கசப்பு மட்டும்தான் மிஞ்சும். பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து கால் மணி நேரம் வெளியே வையுங்கள். 10 டிகிரிக்கு வந்தால் போதும்; நம்ம ஊர் சூட்டில் அரை மணி நேரம் விட்டால் கஷாயம்தான்.

நுரைக்காக உள்ளே நைட்ரஜன் அடைத்த பிளாஸ்டிக் உருண்டை போட்ட கேன் மட்டும் விதிவிலக்கு. அதை நன்றாகக் குளிரவைத்துத்தான் திறக்கணும், இல்லாவிட்டால் நுரை பொங்கி மேஜையெல்லாம் வழியும்.

கிளாஸை 45 டிகிரி சாய்த்து முக்கால்வாசி ஊற்றி, நுரை அடங்கியதும் நிமிர்த்தி மீதியை ஊற்றுங்கள். நுரை உடனே செத்துப்போனால் பீரைத் திட்டாதீர்கள்: மீன் வறுவல் எண்ணெய் பட்ட கிளாஸாக இருக்கும். சோப்பு போகக் கழுவி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள்.

பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருக்கும் ரியல் ஏல் வகை பீர் கிடைத்தால், ஒருநாள் நிற்கவைத்து, அடிவண்டல் கலங்காமல் ஒரே மூச்சில் ஊற்றணும்.

தொட்டுக்க? லண்டனில் ஸ்டவுட்டுக்குச் சிப்பி. இங்கே காசிமேட்டு நண்டு, மிளகு தூக்கலாக. மிளகாய்த்தூள் வேண்டாம், கசப்போடு சேர்ந்து எரியும்.