இத்தாலிக்குப் பிள்ளைகளிடம் போகிறீர்களா? மலைக்கிராமக் கோயில் பார்க்க ஒரு நாள் வழிகாட்டி

முல்லைத்தீவிலோ மன்னாரிலோ இருந்து இத்தாலியின் சிசிலித் தீவில் பலெர்மோ நகரில் உள்ள பிள்ளைகளிடம் போகும் அம்மா அப்பாமார் அநேகமாக மொன்தே பெல்லெக்ரீனோ மலையில் புனித ரொசாலியாவின் குகைக்கோயிலைக் கும்பிட்டதோடு நின்றுவிடுவார்கள். தீவின் உள்ளே மதோனியே மலைகளில் கான்ஜி என்று ஒரு ஊர், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு பகலை ஒதுக்கலாம். ஆனால் நேரத்தைப் பிழையாகப் போட்டால் பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டிவரும்.

மடுவுக்குப் போகிற மாதிரி நினைத்த நேரம் போய் மாதாவுக்கு முன்னால் நிற்கலாம் என்று எண்ணவேண்டாம். இத்தாலியக் கிராமக் கோயில்கள் பெரும்பாலும் மத்தியானம் 12 மணிக்குப் பூட்டி, பின்னேரம் மூன்றரை, நாலு மணிக்குத்தான் திறக்கும். ஒரே குருவானவர் மூன்று நாலு கோயில்களைப் பார்ப்பதால் சின்னக் கோயில்கள் பூசைக்கும் திருநாளுக்கும் மட்டுமே திறந்திருக்கும். திறப்பு யாரிடம் என்று ஊர்ச் சதுக்கத்துக் கோப்பிக் கடையிலோ ‘புரோ லோகோ’ என்ற சுற்றுலா அலுவலகத்திலோ கேட்கலாம். காலை பத்து மணிக்கு முன் ஊருக்குள் நிற்கும்படி புறப்படுங்கள்.

பஸ் நேர அட்டவணையில் மூன்று சொல்லைத் தெரிந்துவைத்தால் போதும். ‘ஃபெரியாலே’ என்றால் திங்கள் முதல் சனி வரை. ‘ஃபெஸ்தீவோ’ என்றால் ஞாயிறும் விடுமுறை நாளும். ‘ஸ்கொலாஸ்திகோ’ பஸ் பள்ளிக்கூட நாளில் மட்டும் ஓடும், ஆடி ஆவணியில் (யூலை, ஓகஸ்ட்) அதை நம்பி நிற்கக்கூடாது. பிள்ளைகளுக்கு ஞாயிறுதான் லீவு, பஸ் குறைவதும் அன்றுதான். அதனால் சனிக்கிழமை போவது நல்லது. ரிக்கெற்றை முதல்நாளே வாங்குங்கள். திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தைப் படம் எடுத்து வையுங்கள். எங்கள் மடுத் திருநாளான ஓகஸ்ட் 15 அங்கும் பெருநாள்தான். அன்று பஸ்ஸும் குறைவு, கடைகளும் பூட்டு.

சப்பாத்து முக்கியம். தெருவெல்லாம் கல் பதித்த சரிவும் படியும். மழை பெய்தால் வழுக்கும், செருப்போடு நடக்க ஏலாது. புதுச் சப்பாத்து என்றால் ஊரிலேயே இரண்டு கிழமை குளக்கட்டில் நடந்து பழக்குங்கள். இல்லாவிட்டால் குதிக்காலில் கொப்புளம் போடும். சாறி கட்டுகிறவர்கள் கரையை ஒரு சாண் உயர்த்திக் கட்டவேணும். ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் வெப்பம் ஏறக்குறைய 0.6 பாகை குறையும் என்பதால், பலெர்மோவில் 30 என்றால் கான்ஜியில் 24 அளவில் இருக்கும். வன்னி வெயிலில் பழகின உடம்புக்கு அந்தக் காற்று கூதல்தான், மெல்லிய குளிர்ச்சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். முழங்கால் நோ உள்ளவர்கள் ஏற்றமும் இறக்கமும் குறையும்படி வழியைப் போடுங்கள்.

ஊரின் பெரிய கோயில் புனித நிக்கொலாவுடையது. பக்கத்தில் நிற்கும் வெந்திமீலியா கோபுரம்தான் அதன் மணிக்கூண்டு. உள்ளே ஜூசெப்பே சலேர்னோ 1629இல் வரைந்த பெரிய ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியம் இருக்கிறது. மைக்கலாஞ்சலோ வத்திக்கானில் வரைந்ததை அடியொற்றியது. அவசரப்படாமல் மேலிருந்து கீழே பாருங்கள்: உச்சியில் கிறிஸ்து, சுற்றிலும் புனிதர்கள், அடியில் நரகம். ஓவியங்களுக்குப் பக்கத்தில் காசு போட்டால் லைற் எரியும் பெட்டி சில கோயில்களில் இருக்கும், 50 சதம், ஒரு யூரோக் குத்தி நாலைந்து வைத்திருங்கள். நிலவறையில் பழைய காலத்துக் குருமாரின் பதப்படுத்திய உடல்கள் அங்கி போட்டபடி நிற்கின்றன, முகங்களுக்கு மெழுகு. அதற்குத் தனியாகக் கேட்டுத்தான் இறங்கவேணும். மனம் தாங்காதவர்கள் மேலேயே இருப்பது நல்லது.

அங்கே சப்பாத்தைக் கழற்றுவதில்லை, வெறுங்காலோடு போனால் விறைக்கும். ஆம்பிளைகள் தொப்பியைக் கழற்றவேணும். தோளும் முழங்காலும் மூடியிருக்கவேணும். பூசை நடக்கும்போது சுற்றிப் பார்ப்பது மரியாதை இல்லை. பின் வாங்கிலில் இருந்து முடிந்தபின் பாருங்கள். படம் எடுக்கலாமென்றாலும் ஃபிளாஷ் வேண்டாம்.

மத்தியானச் சாப்பாடு 12.30க்கும் 2.30க்கும் இடையில்தான், அதற்குப் பிறகு அடுப்பு நிற்கும். மேசையில் இருந்தால் ‘கோபெர்த்தோ’ என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ பில்லில் ஏறும், ஏமாற்று இல்லை. புட்டோ சோறோ கட்டிக்கொண்டு போனால் பூங்கா வாங்கிலில் இருந்து சாப்பிடுங்கள், கோயில் படியில் வேண்டாம். குழாயில் ‘நொன் பொதாபிலே’ என்றிருந்தால் அந்தத் தண்ணியைக் குடிக்கக்கூடாது. பிரஷர், சீனி வருத்தக் குளிசைகளைக் கைப்பையில் வையுங்கள். கடவுச்சீட்டும் கூடவே இருக்கவேணும்.

ஊருக்கு வெளியே கீழே பரிசுத்த ஆவி திருத்தலம் இருக்கிறது. காரில் போகிறவர்கள் அதையும் பார்க்கலாம். பஸ்ஸில் போகிறவர்கள் விட்டுவிடுங்கள்: இறங்குவது சுகம், திரும்ப ஏறுவதற்குள் கடைசிப் பஸ் போய்விடும்.