கேடட் பைலட் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி? கட்டுகிற பணத்துக்குத் தகுமா?

"ஏர்லைன் கம்பெனியே ஸ்பான்சர் பண்ணிப் பைலட்டுக்குப் படிக்க வைக்குமாமே?" என்று பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கிறார்கள். விண்ணப்பிக்கும் வழியைச் சொல்வதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தியாவில் இப்போது நடக்கும் கேடட் பைலட் திட்டங்களில் பயிற்சிச் செலவு பெரும்பாலும் உங்கள் குடும்பத்தின் தலையில்தான். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023-இல் அறிவித்த ஸ்பீட்பேர்ட் திட்டத்தில் பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்கிறது. ஹாங்காங்கின் கேத்தே பசிபிக்கும் பல ஆண்டுகளாகத் தன் செலவில் ஆட்களைப் பயிற்றுவித்திருக்கிறது. அந்த மாதிரியை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே விண்ணப்பம் போட்டால், கட்டண விவரத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போடும்.

சரி, பணம் நாம் கட்டினால் ஏர்லைன் என்ன தருகிறது? தனக்கு வேண்டிய ஆளைத் தானே தேர்வு செய்கிறது. தான் ஒப்பந்தம் போட்டிருக்கும் பறக்கும் பள்ளிக்கு அனுப்புகிறது. வணிக விமானி உரிமம் கையில் வந்த பிறகு, ஏர்பஸ் ஏ320 போன்ற பெரிய விமானத்தை ஓட்டத் தகுதி தரும் டைப் ரேட்டிங் பயிற்சி வரை கொண்டுபோகிறது. எல்லாப் படியும் தாண்டினால் ஜூனியர் ஃபர்ஸ்ட் ஆபீசராக (ஆரம்பநிலைத் துணை விமானி) எடுத்துக்கொள்கிறோம் என்று நிபந்தனையோடு ஒரு கடிதம் தருகிறது. நாமே பள்ளி பார்த்துப் படிப்பதைவிடக் கூடுதலாகக் கட்டும் பணம் இந்தக் கடிதத்துக்கும் அதன் பின்னால் இருக்கும் ஒழுங்குக்கும்தான்.

இத்தகைய திட்டங்களுக்கு இப்போது இவ்வளவு விளம்பரம் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கு ஆர்டர் அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்கள் கேட்டது. விமானம் வந்தால் ஓட்ட ஆள் வேண்டுமே. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது: 2023-இல் மட்டும் இந்திய விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 1,622 வணிக விமானி உரிமங்களை வழங்கியது. உரிமம் வாங்கிய எல்லோருக்கும் உடனே காக்பிட்டில் இடம் கிடைத்துவிடவில்லை. ஏர்லைன்களுக்குப் பெரிய பற்றாக்குறை அனுபவமுள்ள கேப்டன்களில்தான்.

படி 1: முதலில் உடல் பரிசோதனை

விண்ணப்பக் கட்டணம், கோச்சிங் கட்டணம் எதையும் கட்டுவதற்கு முன் மெடிக்கல் முடியுங்கள். இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள்.

டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2 பரிசோதனை. அது முடிந்ததும் வணிக விமானிகளுக்கு வேண்டிய, இன்னும் கடுமையான கிளாஸ் 1. முதல் முறை கிளாஸ் 1 எடுப்பதற்கு பெங்களூரில் விமானப்படையின் விமான மருத்துவ நிறுவனம் இருக்கிறது, டெல்லியிலும் விமானப்படை மையம் இருக்கிறது, அங்கீகாரம் பெற்ற சில தனியார் மருத்துவமனைகளும் உண்டு. ரத்தம், சிறுநீர், இசிஜி, காது கேட்கும் திறன், கண் என்று ஒன்று விடாமல் பார்ப்பார்கள்.

கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டாம். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் தடையில்லை. நிறம் பிரித்தறிவதில்தான் சிக்கல் வரும். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனையில் தடுமாறினால், மேற்கொண்டு போவதற்கு முன் கண் மருத்துவரிடம் முழு விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். எடை, சர்க்கரை, ஹீமோகுளோபின் போன்றவற்றால் "தற்காலிகத் தகுதியின்மை" என்று எழுதினால் அதைச் சரிசெய்துகொண்டு திரும்பப் போகலாம். ஏதாவது அறுவைச் சிகிச்சை செய்திருந்தால் மறைக்காமல் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள்.

படி 2: காகிதங்கள்

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். வேறு பிரிவில் படித்தவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதி முடித்துவிட்டு வரலாம். இயற்பியல், கணிதம், ஆங்கிலம் மூன்றிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கும் திட்டங்களும் உண்டு. உரிமம் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயது திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

டிஜிசிஏ தேர்வுகள் எழுத கம்ப்யூட்டர் நம்பர் என்ற பதிவு எண் ஒன்றை வாங்க வேண்டும். அதற்கு மதிப்பெண் சான்றிதழ் அசல்தான் என்று நீங்கள் படித்த கல்வி வாரியம் உறுதி செய்ய வேண்டியிருக்கும். தமிழ்நாடு மாநில வாரியத்தில் படித்தவர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் உண்மைத்தன்மைச் சான்றுக்கு முன்கூட்டியே எழுதிப் போடுவது நல்லது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், ஆதார் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். நம் ஊரில் ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். இது சின்ன விஷயமாகத் தெரியும். வெளிநாட்டுப் பள்ளிக்கு விசா எடுக்கும்போதுதான் அதன் வலி தெரியும்.

படி 3: திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

இண்டிகோ, ஏர் இந்தியா இரண்டுமே கேடட் திட்டங்கள் அறிவித்திருக்கின்றன. இண்டிகோவுக்காகப் பயிற்சி தரும் நிறுவனங்களில் சிஏஇ, சைம்ஸ் ஏவியேஷன் அகாடமி, ஸ்கைபோர்ன் ஆகியவை உண்டு. பயிற்சி மகாராஷ்டிராவின் கோந்தியாவிலோ, மத்தியப் பிரதேசத்திலோ, அமெரிக்காவிலோ நடக்கலாம். எந்த நேரத்தில் எது திறந்திருக்கிறது என்பதை ஏர்லைனின் சொந்த இணையதளத்தில் மட்டும் பாருங்கள். "எனக்கு உள்ளே ஆள் தெரியும், சீட் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

பயிற்சி வெளிநாட்டில் நடந்தால் வானிலை பெரும்பாலும் சாதகம், பறக்கும் நேரம் சீக்கிரம் சேரும். ஆனால் ரூபாய் மதிப்பு இறங்கினால் செலவு ஏறும். அங்கே வாங்கிய உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றுவதற்கு டிஜிசிஏ தேர்வுகளிலும் தேர்ச்சி வேண்டும். இந்தியாவிலேயே பறந்தால் மாற்றும் வேலை இல்லை. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் விமானம் தரையில் நிற்கும், அவ்வளவுதான். 2025 முதல் டிஜிசிஏ பறக்கும் பள்ளிகளுக்குத் தரவரிசையும் வெளியிடுகிறது. நீங்கள் போகப்போகும் பள்ளி அதில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எத்தனை மாணவர்களுக்கு எத்தனை விமானங்கள், அதில் பறக்கும் நிலையில் இருப்பவை எத்தனை என்று அங்கேயே படிக்கும் மாணவர்களிடம் கேளுங்கள். இந்திய விதிப்படி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியாக. விமானம் பற்றாக்குறையான பள்ளியில் இந்த 200 மணி நேரம்தான் இழுத்துக்கொண்டே போகும்.

படி 4: தேர்வும் நேர்முகமும்

ஆன்லைன் விண்ணப்பம் எளிது. அதன் பிறகு ஆங்கிலம், கணிதம், இயற்பியல், திறனறித் தேர்வு, குழுப் பயிற்சி, நேர்முகம் என்று வரிசையாக வரும். இதில் நம் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் திறனறித் தேர்வு. திரையில் ஓடும் புள்ளியை ஜாய்ஸ்டிக்கால் நடுவட்டத்துக்குள் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதே நேரத்தில் காதில் எண்கள் ஒலிக்கும். குறிப்பிட்ட எண் வந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். ஒன்றில் முழுதாக மூழ்கினால் மற்றது போய்விடும். இரண்டையும் சுமாராகவேனும் விடாமல் நடத்துகிறீர்களா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள்.

மனக்கணக்கைத் தினமும் பழகுங்கள். இப்படி ஒரு கேள்வி வரும்: 150 நாட் வேகத்தில் போகும் விமானம் 40 கடல் மைல் கடக்க எத்தனை நிமிடம்? பேப்பரில் 40-ஐ 150-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்க நேரமிருக்காது. 150 நாட் என்றால் மணிக்கு 150 கடல் மைல், அதாவது நிமிடத்துக்கு இரண்டரை கடல் மைல். பத்து நிமிடத்தில் 25 மைல் போயிற்று, மிச்சம் 15, அதற்கு ஆறு நிமிடம். மொத்தம் 16. அடுத்து எரிபொருள்: மணிக்கு 36 லிட்டர் குடிக்கும் விமானத்துக்கு 25 நிமிடத்துக்கு எவ்வளவு? ஐந்து நிமிடத்துக்கு 3 லிட்டர், ஆக 15. வேகம், தூரம், நேரம், எரிபொருள் நான்கும் வாயிலேயே வர வேண்டும்.

குழுப் பயிற்சியில் அதிகம் பேசுகிறவருக்குத்தான் மதிப்பெண் என்று நினைத்து மற்றவர்களை அமுக்கிவிடாதீர்கள். வாயே திறக்காமலும் இருக்காதீர்கள். பேசாமல் இருக்கும் ஒருவரிடம் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்பது, நேரம் பார்த்து "இன்னும் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது" என்று சொல்வது போன்றவைதான் காக்பிட்டில் வேண்டிய குணம்.

நேர்முகத்துக்குப் போகும்போது அந்த ஏர்லைன் எந்தெந்த விமானங்கள் வைத்திருக்கிறது, எங்கெங்கே பறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலம் என்றதும் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. இலக்கிய ஆங்கிலத்தை யாரும் கேட்கவில்லை. சொன்னது புரிய வேண்டும், புரியாவிட்டால் தயங்காமல் திரும்பக் கேட்க வேண்டும், பதில் தெளிவாக வர வேண்டும். ஆறு மாதம் தினமும் வாய்விட்டுப் பேசிப் பழகினால் இது கைகூடும்.

படி 5: கையெழுத்துக்கு முன்

தேர்வான மின்னஞ்சல் வந்ததும் வீடே கொண்டாடும். அந்தச் சூட்டில் முதல் தவணையைக் கட்டிவிடாதீர்கள். ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் பத்தி பத்தியாகப் படியுங்கள். ஆயிரங்களில் அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

வேலைக் கடிதத்தில் "காலியிடம் இருந்தால்", "நிறுவனத்தின் தேவையைப் பொறுத்து" என்ற சொற்கள் இருக்கும். அவை எங்கே, எப்படி வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏர்லைன் ஆள் எடுப்பதைத் தள்ளிவைத்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும், எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். டைப் ரேட்டிங் கட்டணம் மொத்தத்தில் சேர்ந்ததா, தனியா? 200 மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டி வந்தால் மணிக்கு எவ்வளவு? தேர்வில் எத்தனை முறை தவறலாம்? நடுவில் உடல்நலக் குறைவால் நின்றால் எவ்வளவு திரும்ப வரும்? வேலையில் சேர்ந்தபின் பாண்ட் எத்தனை ஆண்டு, முறித்தால் எவ்வளவு? பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை எவ்வளவு, முழுச் சம்பளம் எப்போது? வாய்மொழியாக "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் அதற்கு மதிப்பில்லை.

தகுமா?

தோராயமான கணக்கு இது. இந்தியாவில் நாமே பள்ளி பார்த்துச் சேர்ந்து உரிமம் எடுக்க 45 லட்சம் முதல் 60 லட்சம் வரை ஆகும். டைப் ரேட்டிங் தனியே, 15 லட்சமோ அதற்கு மேலோ. கேடட் திட்டம் என்றால் ஒரு கோடியைத் தொடும், தாண்டவும் செய்யும். வித்தியாசம் 30 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம்.

நாமே படித்தால் இந்த 30 லட்சம் மிச்சம். உரிமம் வாங்கிய பிறகு ஏர்லைன் ஆள் எடுக்கும்வரை காத்திருந்து, ஆயிரக்கணக்கானவர்களோடு போட்டி போட வேண்டும். கேடட்டாகப் போனால் அந்தப் போட்டியைப் பணம் கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுகிறோம். எனக்கு இதுதான் இந்தத் திட்டங்களின் பெரிய நன்மை. நாம் இந்த வேலைக்குப் பொருந்துவோமா என்பது ஒரு கோடி செலவழித்த பிறகு தெரிவதைவிட, செலவழிக்கும் முன் தெரிவது எவ்வளவோ மேல்.

ஆனால் கடன் வாங்கிப் படிப்பவர்கள் காத்திருப்பின் விலையைப் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. 60 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 83,000 ரூபாய். பயிற்சிக் காலத்து வட்டி இதில் சேரவில்லை. வேலை ஓராண்டு தள்ளிப்போனால் வட்டி மட்டும் 6 லட்சத்து 60 ஆயிரம். இவ்வளவு பெரிய தொகைக்கு வங்கி வீட்டையோ நிலத்தையோ ஈடு கேட்கும். வருமான வரியின் பழைய முறையில் கல்விக்கடன் வட்டிக்குக் கழிவு உண்டு என்பது கொஞ்சம் ஆறுதல்.

தள்ளிப்போகுமா என்று கேட்டால், தள்ளிப்போயிருக்கிறது. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. 2020 மார்ச் இறுதியில் கொரோனாவால் உள்நாட்டு விமானங்கள் இரண்டு மாதம் பறக்கவே இல்லை. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. ஒரு ஏர்லைன் மூடும்போது அதன் அனுபவமுள்ள விமானிகள் ஒரே நேரத்தில் வேலை தேடி வருவார்கள். புதிய கேடட்கள் வரிசையில் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

ஆகவே என் கருத்து இது. பயிற்சி முடிந்து இரண்டு ஆண்டு வருமானமே இல்லாமல் போனாலும் வீடு கைவிட்டுப் போகாது என்ற நிலையில் உள்ள குடும்பத்துக்குக் கேடட் திட்டம் தகும். இருக்கும் ஒரே வீட்டை அடகு வைத்து, முதல் மாதச் சம்பளத்தை நம்பித் தவணை கட்டப்போகிறவர்களுக்குத் தகாது. அவர்கள் உத்தரப் பிரதேசத்தில் உள்ள அரசின் இக்ரூவா பறக்கும் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். டிஜிசிஏ தேர்வுகளை வீட்டிலிருந்தே படித்து முடித்துவிட்டுக் குறைந்த செலவில் பறக்கப் போகலாம். பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் வணிக விமானி உரிமப் படிப்பும் இருக்கிறது. பலருக்கு இது தெரியாததால் கேட்பதே இல்லை. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

முதல் முறை தேர்வாகாவிட்டால் மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம் என்று அந்தத் திட்டத்தின் விதியில் பாருங்கள். அந்த இடைவெளியில் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துவிடுங்கள், டிஜிசிஏ தாள்களில் வான்வழி நடத்தல், வானிலையியல், விமான ஒழுங்குமுறை மூன்றையும் எழுதிவிடுங்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். அடுத்து எந்த வழியில் போனாலும் இந்த மூன்று தாள்களும் கணக்கில் வரும்.