உள்ளறையா, பால்கனியா: குரூஸ் கேபின் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரூஸ் கப்பலில் கேபின் எடுக்கும் பலரும் கேள்வியிலேயே சறுக்குகிறார்கள். "பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுப்பது தகுமா?" என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. "இந்தப் பாதையில், இந்த மாதத்தில், விழித்திருக்கும்போது எத்தனை மணி நேரம் அறையில் இருப்போம்?" என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி, அந்த அறை கப்பலில் எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. ஜன்னலே இல்லாத உள்ளறையில் தங்குபவருக்கும் சாதாரண பால்கனி அறையில் தங்குபவருக்கும் உணவுக்கூடம், அரங்கம், நீச்சல்குளம் எல்லாம் பொதுதான். கூடுதல் பணம் முழுக்க அறைக்காக மட்டுமே போகிறது.

தலைக்கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவது

விளம்பரத்தில் காணும் விலை பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. ஆகவே இரண்டு வகைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டால் பெருக்க வேண்டும். தனியாகப் போகிறவருக்கு இது இன்னும் கடுமை. பல கப்பல்களில் காலியாக இருக்கும் இரண்டாவது படுக்கைக்கும் ஏறக்குறைய முழுக் கட்டணம் உண்டு என்பதால், பால்கனியின் கூடுதல் விலையையும் அவர் ஒருவரே இருமடங்காகச் சுமக்கிறார். துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர் டிப்ஸ் ஆகியவை பெரும்பாலும் இரண்டு அறைகளுக்கும் ஒரே அளவுதான். அதனால் அடிப்படைக் கட்டணத்தில் பால்கனி ஒன்றரை மடங்காகத் தெரிந்தாலும், பில்லின் கடைசி வரியில் அந்த விகிதம் குறைந்திருக்கும். ஒப்பிட வேண்டியது கடைசி வரியை.

பிறகு மணிக்கணக்கு. ஏழு இரவுப் பயணம், அதில் நாலு துறைமுக நாள், எங்கும் நிற்காமல் கடலிலேயே ஓடும் இரண்டு கடல் நாள் என்று வைத்துக்கொள்வோம். கடல் நாளில் 3 மணி நேரமும், துறைமுக நாளில் காலையும் மாலையுமாக 1 மணி நேரமும், புறப்படும் மாலை 1 மணி நேரமும் பால்கனியில் உட்கார்ந்தால் மொத்தம் 11 மணி நேரம். விலை வித்தியாசத்தை 11ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்று இரவில் இரண்டு துறைமுகம் தொடும் குறும்பயணத்தில் இந்தக் கணக்கு பால்கனிக்குச் சாதகமாக வருவது அபூர்வம். தொடர்ந்து ஆறேழு கடல் நாள் வரும் அட்லாண்டிக் கடப்புப் பயணத்தில் நேர்மாறாக வரலாம். ஆனால் அங்கேயும் வானிலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பால்கனி என்றால் பெரிய அறை என்று எண்ணுவது

பெரிய கப்பல்களில் உள்ளறை சுமார் 140 முதல் 180 சதுர அடி. பால்கனி அறையின் உட்புறம் சுமார் 170 முதல் 200 சதுர அடி, வெளியே பால்கனி ஒரு 35 முதல் 60 சதுர அடி. படுக்கை, அலமாரி, குளியலறை எல்லாம் ஏறத்தாழ ஒன்றேதான். இரண்டு நாற்காலியும் ஒரு சின்ன மேசையும் போட்டால் சாதாரண பால்கனி நிறைந்துவிடும். கால் நீட்டிப் படுக்கும் சாய்வு நாற்காலி படத்தில் இருந்தால் அது பெரும்பாலும் மேல் வகை அறையின் படம். சில நிறுவனங்கள் அறையையும் பால்கனியையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுகின்றன. இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

டெக் பிளானை மேலும் கீழும் பார்க்காமல் விடுவது

கேபின் வகையைவிட இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கப்பலின் தள வரைபடத்தில் உங்கள் அறை இருக்கும் தளத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று மூன்று தளங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் பணியாளர்கள் நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம் கூரை வழியாக இறங்கும். மேலே பஃபே உணவகம் என்றால் தள்ளுவண்டி உருளும் ஓசை. கீழே நடன அரங்கம் என்றால் நள்ளிரவு தாண்டியும் தாளத்தின் அடிநாதம் தரையில் அதிரும். மேலும் கீழும் பயணிகளின் அறைகளே இருக்கும் இடம்தான் அமைதியானது. வரைபடத்தில் எந்தப் பெயரும் இல்லாத வெற்றுப் பகுதி பெரும்பாலும் பணியாளர்களின் சாமான் அறையோ சமையலறையின் ஒரு பகுதியோதான். அதை வெறும் இடம் என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டு அறைகளை இணைக்கும் உட்கதவு உள்ள கேபின்களுக்கு வரைபடத்தில் சிறு அம்புக்குறி போட்டிருக்கும். அந்தக் கதவு வழியாகப் பக்கத்து அறையின் பேச்சு சுவரைவிடத் தெளிவாகக் கேட்கும். உறவினரோடு சேர்ந்து போகாதவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. முன்முனையின் கீழ்த்தளங்களில் நங்கூரச் சங்கிலியும், கரை அணையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகளும் காலை ஆறு மணிக்கே எழுப்பிவிடும். பின்முனையில் எஞ்சின், உந்துவிசிறி அதிர்வு.

குமட்டல் வருமா என்று பயப்படுகிறவர்கள் பொதுவாகப் பால்கனியை எடுக்கிறார்கள். இது பாதிதான் சரி. தொடுவானத்தைப் பார்ப்பதும் காற்று வாங்குவதும் உதவும் என்பது உண்மையே. ஆனால் கப்பலின் முன்பின் ஆட்டம் இரு முனைகளிலும் அதிகம், பக்கவாட்டு ஆட்டம் உயரே போகப்போக அதிகம். பால்கனி அறைகள் பெரும்பாலும் மேல்தளங்களில் இருக்கின்றன. நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள உள்ளறைதான் கப்பலிலேயே மிகக் குறைவாக ஆடும் இடங்களில் ஒன்று. எளிதில் தலைசுற்றுகிறவர் முன்முனையில் பத்தாம் தளத்துப் பால்கனியை எடுப்பதைவிட, நடுவில் கீழே ஓர் உள்ளறை எடுத்துக்கொண்டு, வானம் பார்க்க வேண்டும் என்றால் திறந்த தளத்துக்குப் போய்வரலாம். இரண்டும் வேண்டுமென்றால் நடுப்பகுதியில், கிடைக்கும் மிகக் கீழான தளத்துப் பால்கனி.

எல்லாப் பால்கனியும் கடலைப் பார்க்கும் என்று நம்புவது

உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்துக்கு ஒட்டிய அறைகளில் பாதிக் காட்சியைப் படகே மறைக்கும். இவற்றை மறைக்கப்பட்ட காட்சி என்று குறிப்பிட்டு விலை குறைத்து விற்பார்கள். காட்சியைவிடக் காற்றும் வெளிச்சமும் முக்கியம் என்பவருக்கு இது நல்ல பேரம். 2009 முதல் வந்த ஒயாசிஸ் வகைக் கப்பல்களில் ராயல் கரீபியன் நிறுவனம் உள்நோக்கிய பால்கனிகளை வைத்தது. அவை கப்பலின் நடுவே உள்ள பூங்காவையும் நடைபாதையையும் பார்ப்பவை. கடலைப் பார்க்க எடுத்தால் ஏமாற்றம்தான். 2018இல் வந்த செலிபிரிட்டி எட்ஜ் கப்பலில் தனிப் பால்கனிக்குப் பதில் அறையின் வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன் மேல்பாதி பொத்தானை அழுத்தினால் இறங்கும். அறை பெரிதாகிறது. ஆனால் வெளியே ஒருவர் காற்று வாங்க, உள்ளே இன்னொருவர் குளிர்சாதனத்தில் தூங்க வேண்டும் என்றால் நடுவில் உள்ள மடிப்புக் கதவைச் சாத்த வேண்டியிருக்கும்.

ஆற்றுக் குரூஸ்களில் "பிரெஞ்சு பால்கனி" என்று போட்டிருந்தால் அது சறுக்குக் கதவும் கைப்பிடிக் கம்பியும் மட்டுமே, காலெடுத்து வைக்க இடமிருக்காது. போதாக்குறைக்கு ஆற்றுத் துறைகளில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவார்கள். கரையில் நிற்கும் நேரமெல்லாம் பக்கத்துக் கப்பலின் ஜன்னல்தான் காட்சி.

கைப்பிடிச் சுவரையும் கவனியுங்கள். சில கப்பல்களில் கீழ்த்தளப் பால்கனிகளுக்குக் கண்ணாடிக்குப் பதில் இரும்புத் தகடு. எழுந்து நின்றால் கடல் தெரியும், உட்கார்ந்தால் தகடுதான் தெரியும். கப்பலின் முகப்பை நோக்கிய பால்கனிகளில் இரவில் திரைச்சீலையை மூடச் சொல்வார்கள், ஏனென்றால் அறையின் வெளிச்சம் மாலுமிகளின் பார்வையைக் குலைக்கும். பின்முனைப் பால்கனிகள் அகலமானவை, கப்பல் விட்டுச்செல்லும் நுரைத்தடம் அழகு. காற்றின் போக்கைப் பொறுத்துப் புகைபோக்கியின் கரி நாற்காலியில் படியவும் செய்யும்.

காற்றையும் வெயிலையும் கணக்கில் எடுக்காதது

கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போனால், கடலில் இலை அசையாத நாளிலும் பால்கனியில் மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர் வேகக் காற்று வீசும். எதிர்க்காற்று சேர்ந்தால் புத்தகம் படிக்க முடியாது. ஈரத்துணியைக் காயப்போடுவது பெரும்பாலான கப்பல்களில் தடை, பறந்தும் போகும். பால்கனிக் கதவும் தாழ்வாரக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் காற்று உறிஞ்சி இழுத்துக் கதவை அறையும். விரல் நசுங்குவது இப்படித்தான். பால்கனிக் கதவைத் திறந்து வைத்துத் தூங்கலாம் என்ற கனவும் வேண்டாம். பல கப்பல்களில் கதவு திறந்தவுடன் குளிர்சாதனம் நின்றுவிடும், வெப்பக் கடலில் பத்து நிமிடத்தில் படுக்கை பிசுபிசுக்கும்.

புகைப்பவர்களும், பக்கத்துப் பால்கனியின் புகையை வெறுப்பவர்களும் நிறுவனத்தின் விதியை முன்பே படிக்க வேண்டும். 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் ஒரு பால்கனியில் தொடங்கிய தீ வரிசையாகப் பரவியது. அணைக்காத சிகரெட்டே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அதன்பின் பால்கனிப் பொருட்களுக்கான பன்னாட்டுத் தீப் பாதுகாப்பு விதிகளே மாறின. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் பால்கனியில் புகைக்கத் தடை விதிக்கின்றன, சில இன்னும் விடுகின்றன.

எந்தப் பக்கம் என்பது ஒருவழிப் பயணத்தில் மட்டுமே பெரிதாகக் கணக்காகும். வான்கூவரிலிருந்து வடக்கே அலாஸ்காவுக்குப் போகும் பயணத்தில் கரை வலப்புறம். ஐரோப்பாவிலிருந்து மேற்கே அட்லாண்டிக்கைக் கடக்கும்போது வெயில் இடப்புறம். கிளம்பிய துறைக்கே திரும்பும் பயணத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடும். பனியாறுகளின் முன்னால் கப்பலை மெல்லத் திருப்பி இரு பக்கத்தாருக்கும் காட்டுவார்கள். அலாஸ்கா, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நீளும் நார்வே ஃபியோர்டுகள் போன்ற பாதைகளில் பால்கனிக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் வீண்போகாது. கரை அருகிலேயே வரும், அதிகாலையில் போர்வையோடு வெளியே வந்து நிற்கலாம். தினமும் ஒரு துறைமுகம் என்று ஓடும் மத்தியதரைக் கடல் பயணத்தில் பகல் முழுக்க அறை பூட்டியே கிடக்கும்.

இருட்டைக் குறைத்து மதிப்பிடுவது

உள்ளறையில் விளக்கை அணைத்தால் கை தெரியாத இருட்டு. நடுப்பகலா நள்ளிரவா என்று உடம்புக்குத் தெரியாது. ஆழ்ந்து தூங்குகிறவர்களுக்கும், பகலில் தூங்கும் குழந்தைக்கும் இது வரம். மற்றவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு: தொலைக்காட்சியில் கப்பலின் முன்கேமரா ஒளிபரப்பாகும் சேனல் இருந்தால், ஒலியை நிறுத்திவிட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். விடிந்தால் திரை வெளுக்கும். குளியலறைக்குப் போக பேட்டரியில் எரியும் சிறு விளக்கு ஒன்று போதும். மின்னழுத்தப் பாதுகாப்பு கொண்ட நீட்டிப்புப் பலகையை எடுத்துப் போகாதீர்கள், பரிசோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கேபின் சுவர்கள் பெரும்பாலும் உலோகம் என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டும். இடம் குறைந்த உள்ளறையில் பை, தொப்பி மாட்ட இது பெரிய உதவி.

அடைத்த இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் விலை பார்த்து உள்ளறை எடுக்கக் கூடாது. வயிற்றுத் தொற்று வந்தால் அறையிலேயே தனித்திருக்கச் சொல்வார்கள், ஜன்னலில்லாத அறையில் அது கடினமான நாட்கள். 2020 பிப்ரவரியில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் கொரோனா தொற்றால் ஜப்பானின் யோக்கஹாமாவில் தனிமைப்படுத்தப்பட்டபோது உள்ளறைப் பயணிகளை முறைவைத்துச் சிறிது நேரம் தளத்துக்கு வரவிட்டார்கள். அப்படி ஒன்று நடக்குமென்று எல்லாரும் பால்கனி எடுக்க வேண்டியதில்லை. நடுவழியாகத் திறக்காத ஜன்னல் கொண்ட கடற்காட்சி அறையும் இருக்கிறது, பலர் அதைப் பார்க்காமலே தாண்டிப் போகிறார்கள்.

குழந்தைகளோடு ஒரே பால்கனி அறை

நால்வரை ஒரே அறையில் அடைத்தால் சுவரிலிருந்து இறங்கும் மேல்படுக்கைகள், ஒரு குளியலறை, நடக்க இடமில்லாத தரை. பல பாதைகளில் இரண்டு உள்ளறைகளின் மொத்த விலை ஒரு பால்கனி அறையில் நால்வருக்கான விலைக்கு அருகில் வரும். இரண்டு குளியலறையும் கிடைக்கும். அல்லது பெற்றோருக்குப் பால்கனி, தாழ்வாரத்தின் எதிரே பெரிய பிள்ளைகளுக்கு உள்ளறை. தனி அறையில் எந்த வயதிலிருந்து விடுவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி பால்கனிக் கைப்பிடியின் உயரம் குறைந்தது 42 அங்குலம். ஏறும் வயதுக் குழந்தை இருந்தால் நாற்காலியை அதன் அருகில் விடாதீர்கள், கதவின் மேல்தாழை எப்போதும் போட்டு வையுங்கள்.

கேரண்டி அறையும் அப்கிரேடு ஏலமும்

கேரண்டி கட்டணம் என்றால் வகை உறுதி, அறை எண்ணை நிறுவனமே தீர்மானிக்கும். உள்ளறைக்கு இதில் இழப்பு குறைவு. பால்கனிக்குப் படகு மறைக்கும் இடமோ நீச்சல்குளத்துக்குக் கீழேயோ விழலாம். இரண்டு அறை எடுக்கும் குடும்பம் வேறுவேறு தளங்களுக்குப் பிரியவும் வாய்ப்புண்டு.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, எடுத்த அறையிலிருந்து உயர் வகைக்கு மாற "பால்கனிக்கு ஏலம் கேளுங்கள்" என்று மின்னஞ்சல் வரும். அதில் போடும் தொகை பெரும்பாலும் ஒருவருக்கானது, இருவருக்குச் சேர்த்துக் கழிப்பார்கள். ஏலம் வென்றால் நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்த நடுப்பகுதி அறை போய்விடும், வேண்டாம் என்று திரும்பவும் முடியாது. இடத்துக்காக அறை எடுத்தவர்கள் ஏலம் போடாமல் இருப்பதே சரி. ஏலம் போடுமுன், அதே பயணத்தின் பால்கனி அறை அன்று நேரடியாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். மீதிப் பணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன் விலை இறங்கியிருந்தால் பல நிறுவனங்கள் அந்த விலைக்கே மாற்றிக் கொடுக்கும், அறை எண்ணையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.