மூன்று முறை படித்தும் இங்கிலீஷ் ஏன் வாயில் வருவதில்லை?

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் எட்டு வருடமாக மாலை நேர இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். அம்பாசமுத்திரம், முக்கூடல் பக்கமிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகள்தான் அதிகம். போன மாதம் ஒரு தம்பி நான்கு நிறத்தில் கோடு போட்ட புத்தகத்தைக் காட்டி, "மூணு தடவை முடிச்சிட்டேன் சார்" என்றான். அதை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, நேற்று என்ன செய்தாய் என்று இங்கிலீஷில் கேட்டேன். ஒரு வாக்கியம்கூட வரவில்லை. அவன் முகத்தில் அன்று நான் பார்த்தது என்னுடைய பழைய முகத்தை.

ஸ்பெல்லிங், இலக்கணப் பிழைகளை இங்கே சொல்லப்போவதில்லை. அவை பழகப் பழகச் சரியாகும். எப்படிப் படிப்பது என்று மனம் எடுக்கும் தப்பு முடிவுகள் தானாகச் சரியாவதில்லை.

திரும்பத் திரும்ப வாசிப்பது

கல்லூரி முடித்த வருடம் சென்னையில் ஒரு நேர்காணல். ஒரு மாதம் முழுக்க ஒரே புத்தகம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறியதிலிருந்து எழும்பூரில் இறங்கும்வரை மடியில் அதுதான் இருந்தது. 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றார்கள். அந்தப் பாடம் எந்தப் பக்கத்தில், மேலேயா கீழேயா என்பதுவரை கண்ணுக்குள் தெரிந்தது. வாக்கியம் வரவில்லை. எனக்கு ஞாபகசக்தி போதாது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, இரண்டு வருடம் இங்கிலீஷைத் தொடவே இல்லை. வேலை போனதைவிட அந்த இரண்டு வருடம்தான் இன்றும் உறுத்துகிறது.

பழகிய வரி கண்ணில் தடங்கல் இல்லாமல் ஓடும். அந்தச் சுலபத்தை மனம் 'இது எனக்குத் தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் உள்ளேயிருந்து எடுப்பது வேறு. பேச்சுக்கு வேண்டியது இரண்டாவது.

ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதியது. 5 நிமிடம் கழித்து வைத்த சோதனையில் வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. எனக்கு ஆத்திரம் வருவது இதற்கடுத்த விஷயத்தில்: 'ஒரு வாரம் கழித்தும் நன்றாக நினைவிருக்கும்' என்று அதிகம் நம்பியது வாசித்த குழுதான். ஏமாறுகிறவருக்கு ஏமாறுவது தெரிவதே இல்லை.

அதனால் என் வகுப்பில் ஒரு பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். அதே வாக்கிய அமைப்பில் தன் வீட்டில் நடந்ததை மூன்று வரி சொல்ல வேண்டும். அப்புறம் திறந்து சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் தப்பே படிந்துவிடும். திணறும் அந்த நிமிடம் வீண்போலத் தோன்றும். தயவுசெய்து அதைத் தாண்டி ஓடாதீர்கள், படிப்பு நடப்பது அங்கேதான்.

அந்தத் தம்பி நேற்று பஸ் தாமதமானதை ஐந்து வாக்கியத்தில் சொன்னான். இரண்டில் டென்ஸ் தப்பு. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லோரும் நம் தப்பையே கவனிக்கிறார்கள் என்று நினைப்பது

கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிலோவிச்சும் கூட்டாளிகளும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கிட்டத்தட்ட கால்வாசிதான். பேசும்போது வார்த்தைக் கடைசியில் நீங்கள் விட்ட 'எஸ்' யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது?

கட்டிய ஃபீஸுக்காக உட்கார்ந்திருப்பது

போன பணம் போனதுதான். உங்களைப் பேசவிடாத வகுப்பிலிருந்து எழுந்து வாருங்கள், அது என் வகுப்பாக இருந்தாலும் சரி.

ஒரே ராத்திரியில் 50 வார்த்தை

வேண்டாம். பத்து போதும், நாளையும் நாலு நாள் கழித்தும் பார்க்காமல் சொல்லிப்பாருங்கள்.